நெய்னா சாரும் மஞ்சு மொழியின் ‘இ’யும்

மியூனிக்கின் கால்பந்து அரங்கத்தைத் தாண்டி ரயில் வயல்வெளிக்கு வந்தபோது பெர்லினிலிருந்து ராஜி அக்காவின் அழைப்பு வந்தது. வழக்கமாக அவர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பேசுவார். அன்று செவ்வாய், காலை எட்டரை மணி. பெட்டி நிறைய கார்ஹிங் பல்கலைக்கழக வளாகத்துக்குப் போகும் மாணவர்கள்.

“கலா, எங்க நிக்கிறாய்?”

“ட்ரெயின்ல இருக்கேன் அக்கா.”

“இறங்கிப்போட்டு எடுக்கிறியே?”

“பரவாயில்லை, சொல்லுங்க.”

“நெய்னா அண்ணை மோசம் போயிட்டார், பிள்ளை. நேற்றுப் பின்னேரம். பஸ்ஸுக்குள்ள.”

பெர்லின் நூலகத்திலிருந்து நொய்கெல்ன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் இறந்திருக்கிறார். சன்னலோர இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கிய பிறகு ஓட்டுநர் வந்து தோளைத் தொட்டிருக்கிறார், தூங்குகிறார் என்று நினைத்து. சட்டைப்பையில் ராஜி அக்கா நடத்தும் உணவகத்தின் அட்டை இருந்தது, அதில் அக்காவின் எண். வேறு எண் எதுவும் இல்லை.

நான் அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர்ப்பக்க ரயிலைப் பிடித்தேன். பெர்லின் போய்ச் சேரும்வரை, யாரிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்படிச் சொல்ல ஆள் யாரும் நினைவுக்கு வரவில்லை.

டாக்டர் நெய்னா முகம்மது அவர்களைத் தமிழ்நாட்டில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். காயல்பட்டினத்துக்காரர். மொழியியல் படித்துவிட்டு ஒரு கல்லூரியில் சில ஆண்டுகள் பாடம் நடத்தியவர். நாற்பது வயதை நெருங்கும்போது வேலையை விட்டுவிட்டு, மஞ்சு மொழியின் இலக்கணத்தில் ஆய்வு செய்ய பெர்லின் வந்தார். சீனத்தைச் சில நூற்றாண்டுகள் ஆண்ட அரச வம்சத்தின் மொழி அது. இன்று அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் மிகச் சில முதியவர்களே. கையெழுத்துச் சுவடிகள் மட்டும் உலகெங்கும் பல நூலகங்களில் கிடக்கின்றன.

நான் அவரைச் சந்தித்தது 2001-இல், மாணவர் விடுதியின் பொதுச் சமையலறையில். ஈரோட்டிலிருந்து கணினி படிக்க வந்து இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன. எல்லாரையும்விட வயதில் மூத்த ஒருவர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையுடன், அடுப்பருகே நின்று ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். கடைசிவரை என்னை ‘நீங்க’ என்றுதான் அழைத்தார்.

“நீங்க புரோகிராம் எழுதுவீங்களாமே. எனக்கு ஒரு எழுத்தைத் தேடித் தரணும்.”

“எந்த எழுத்து சார்?”

“‘இ’. ஒரே எழுத்துதான். ஆனா நிறைய இடத்தில் இருக்கு.”

அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். அமா என்றால் அப்பா. போ என்றால் வீடு. ‘அமா இ போ’ என்றால் அப்பாவின் வீடு. நமக்கு ‘இன்’, ‘உடைய’ என்று வருவது அங்கே ‘இ’. சில மெய்யெழுத்துகளுக்குப் பிறகு மட்டும் அது ‘நி’ ஆகும். மஞ்சு எழுத்து மேலிருந்து கீழாக ஓடும். அதில் இந்த ‘இ’ பெரும்பாலும் முன்சொல்லோடு ஒட்டாமல் தனியாக நிற்கும்.

“நம்ம மாதிரியேதான், கலா. உடையவர் முன்னாடி, உடைமை பின்னாடி. ‘நல்ல’, ‘இந்த’, ‘அந்த’ எல்லாம் பெயருக்கு முன்னாடிதான். இந்த ஊர்க்காரங்களுக்கு அதை விளக்க அரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு ரசம் கொதிக்கறதுக்குள்ள சொல்லி முடிச்சிட்டேன் பாருங்க.”

தமிழ்க்காரர் ஒருவர் ஏன் மஞ்சு மொழிக்குப் போனார் என்று எல்லாரையும் போல நானும் கேட்டேன். “எல்லாருக்கும் சொந்தமான மொழியில் வேலை பார்த்தா எல்லாரும் சண்டைக்கு வருவாங்க. யாரும் சண்டைக்கு வராத மொழி ஒண்ணு வேணும்னு தேடினேன்” என்றார். அது அவர் எல்லாருக்கும் சொல்லும் பதில். இன்னொரு பதிலைப் பல மாதங்கள் கழித்து, விடுதியின் பின்னால் இருந்த கால்வாய் ஓரம் நடந்துகொண்டிருந்தபோது சொன்னார்.

அவர்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பார்கள்; மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். உம்மாவின் வீடு லாத்தாவுக்கு, அதாவது இவருடைய அக்காவுக்குப் போயிற்று. இவர் மனைவியின் வீட்டுக்குப் போனார். மூன்று ஆண்டுகளில் மனைவி காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. லாத்தாவும் வரச் சொன்னார். “எல்லாரும் நல்லவங்க. ஆனா வாசலில் செருப்பைக் கழற்றும்போது இது யார் வீடுன்னு ஒரு நொடி யோசிப்பேன். மஞ்சு இலக்கணத்தில் முதல் பாடத்தில் ‘மினி போ’ன்னு ஒரு எடுத்துக்காட்டு இருந்தது. என் வீடு. அதை வாய்விட்டுப் படிச்சுப் பார்த்தேன். தமிழில் அப்படி நான் ஒரு நாளும் சொன்னதில்லை.”

அவர் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். மஞ்சு மொழியில் சில இடங்களில் ‘இ’ வருகிறது. சில இடங்களில் இரண்டு பெயர்ச்சொற்களும் ‘இ’ இல்லாமலே அடுத்தடுத்து நிற்கின்றன. வீட்டின் கதவு என்றும் வீட்டுக் கதவு என்றும் நாம் சொல்வதைப் போல. ‘இ’ எப்போது விடுபட்டு விழுகிறது, ஏன் விழுகிறது? அதற்காக அவர், ஒரு படைவீரர் குடும்பத்தின் கடிதங்களும் குறிப்புகளும் அடங்கிய அச்சுப் பதிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, முழுவதையும் தாமே கணினியில் ஏற்றினார். நான் எழுதிய நிரல் ‘இ’ வரும் இடங்களையும் வராத இடங்களையும் பிரித்துப் பட்டியலிட்டது. மூன்று ஆண்டுகள் வாரம் ஒரு நாள் அதில் உட்கார்ந்தோம். சலிப்பான வேலை. ஆனால் பட்டியல்கள் வளர வளர அதில் ஓர் ஒழுங்கு தெரிந்தது.

உடலின் உறுப்புகள், குடும்ப உறவுகள், ஒன்றோடு ஒன்றாகவே இருக்கும் பொருள்கள் என்றால் ‘இ’ விழுந்தது. வாங்கக்கூடிய, கொடுக்கக்கூடிய, தொலைக்கக்கூடிய பொருள்கள் என்றால் ‘இ’ நின்றது. ஒரு மத்தியானம் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: “பிரிக்க முடியாததுக்கு ‘இ’ தேவையில்லை, கலா. பிரிஞ்சு போகக்கூடியதைத்தான் கட்டி வைக்க வேண்டியிருக்கு.” அவரை நான் அவ்வளவு மகிழ்ச்சியாகப் பார்த்தது அன்று மட்டும்தான்.

பேராசிரியருக்கும் அது பிடித்துவிட்டது. ஓய்வுபெறும் வயதை எட்டியிருந்த ஜெர்மன் அம்மையார் அவர். தம் கடைசி மாணவர் இப்படி ஒரு விதியோடு வெளியேறுவது அவருக்குப் பெருமை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க நாள் குறித்தாயிற்று. ஐந்து வாரங்கள் இருந்தபோது, ஒரே ஒரு தெளிவில்லாத சொல்லைச் சரிபார்க்க, நெய்னா சார் மூலச் சுவடியின் மைக்ரோஃபிலிம் சுருளை வேறொரு நகர நூலகத்திலிருந்து வரவழைத்தார்.

இரண்டு நாள் கழித்து என் அறைக் கதவைத் தட்டினார். உள்ளே வந்து உட்கார்ந்து, தேநீரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“பதிப்பாசிரியர் ரொம்ப நல்லவர். நமக்கு நிறைய உதவி பண்ணியிருக்கார்.”

எனக்குப் புரியவில்லை.

“மூலத்தில் ‘இ’ இல்லாத இடத்தில் எல்லாம், இருக்க வேண்டும்னு அவருக்குத் தோணின இடத்தில், சேர்த்துவிட்டிருக்கார். சில இடத்தில் எடுத்துவிட்டிருக்கார். குறிப்பு எதுவும் போடலை. நான் நாலு வருஷமா ஆராய்ச்சி பண்ணினது மஞ்சு மொழியை இல்லை. அந்த மனுஷரோட மனசை.”

“மூலத்தில் எப்படி இருக்கு சார்?”

“ஒழுங்கா ஒண்ணும் இல்லை. ஒரே பக்கத்தில் ‘அப்பா இ கை’ன்னு இருக்கு, ‘அப்பா கை’ன்னும் இருக்கு.”

அன்று நான் சொன்னவற்றை இங்கே எழுதத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையில் என்னைத் தப்பிக்க வைத்தால் அவரைப் பற்றிச் சொல்வதில் பொருளில்லை. அச்சுப் பதிப்பை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு என்று ஓர் அடிக்குறிப்புப் போட்டுவிட்டுக் கொடுத்துவிடுங்கள் என்றேன். உதவித்தொகை முடியப்போகிறது, பேராசிரியர் போகப்போகிறார், விசா இருக்கிறது, யார் போய் அந்தச் சுருளைப் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

“யாரும் பார்க்க மாட்டாங்கதான்” என்றார். “இந்த ஆய்வை உலகத்தில் ஒரு பதினோரு பேர் படிப்பாங்க. அந்தப் பதினோரு பேரும் என்னை நம்பித்தானே படிப்பாங்க.”

எனக்குக் கோபம் வந்தது. என் மூன்று வருட உழைப்பும் அதில் இருந்தது. “உங்களுக்கு முடிக்க மனசில்லை சார். முடிச்சா எங்கே போறதுன்னு தெரியலை. அதனாலதான்” என்று சொல்லிவிட்டேன்.

அவர் தேநீரை மேசையில் வைத்தார். “இருக்கலாம்” என்றார். எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் ஆய்வேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தக் கோடையில் எனக்குப் படிப்பு முடிந்து கார்ஹிங்கில் வேலை கிடைத்தது. விடைபெறாமலே மியூனிக் போனேன். அவர் அறைக் கதவு வரை போய், உள்ளே அவர் இருமுவதைக் கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

பிறகு நடந்தவற்றை நான் அறிந்தது ராஜி அக்கா மூலம். நொய்கெல்னில் சிறிய உணவகம் நடத்துகிறவர். யாழ்ப்பாணத்திலிருந்து இருபது வயதில் வந்தவர். நானும் நெய்னா சாரும் மாதம் ஒரு முறை அங்கே போய்ச் சாப்பிட்டதால் பழக்கம். உதவித்தொகை நின்ற பிறகு அவர் ராஜி அக்காவிடம் போய் வேலை கேட்டிருக்கிறார். மாணவர்களுக்கு அனுமதிக்கப்பட்ட நேரத்துக்குப் பாத்திரம் கழுவினார், வெங்காயம் அரிந்தார். விசா நீட்டிப்புக்காக அலுவலகம் குறித்துத் தந்த ‘தெர்மி’னுக்கு ராஜி அக்காதான் கூடப் போனார். முடித்த ஆய்வேட்டை ஏன் கொடுக்கவில்லை என்று அலுவலர் கேட்டாராம். இவர் ‘இ’ பற்றி விளக்கத் தொடங்கிவிட்டாராம்.

“நான் மேசைக்குக் கீழால காலைத் தட்டினன். அவர் நிப்பாட்டேல்லை” என்றார் அக்கா. “அந்த மனிசி பேனையைக் கீழ வைச்சிட்டுக் கேட்டுக்கொண்டு இருந்தது. பிறகு ரெண்டு வருசம் குடுத்திது.”

ஒருநாள் வெங்காயம் அரியும்போது அக்கா அவரிடம் கேட்டிருக்கிறார்: “அண்ணை, அந்தப் பாஷையில இப்ப ஆர் கதைக்கினம்?”

“தூரத்தில் கொஞ்சம் வயசானவங்க, தங்கச்சி.”

“அப்ப நீங்கள் ஆரோட கதைப்பியள்?”

“யாரோடும் இல்லை. படிப்பேன்.”

“அது பாவமெல்லே” என்று அக்கா சொல்ல, அவர் சிரித்தாராம். அதன் பிறகு தினமும் வேலை முடிந்து போகும்போது அக்காவுக்கு ஒரு மஞ்சுச் சொல் சொல்லிவிட்டுப் போனாராம். அக்கா ஒன்றையும் நினைவில் வைக்கவில்லை. “திருப்பிச் சொல்லுவன், அவருக்கு முகம் மலரும். அது போதும் எண்டு விட்டிட்டன்.”

கீழ்வீட்டுத் துருக்கிப் பெண்மணி, மாலை நேரங்களில் மேலே குரல் கேட்டால் நெய்னா சார் குர்ஆன் ஓதுகிறார் என்று நினைத்திருந்தார். ஓதுவதும் உண்டு. ஆனால் பெரும்பாலும் அது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு படைவீரர் தம் தம்பிக்கு எழுதிய கடிதம்.

நான் மியூனிக் போய்ப் பத்து மாதங்களுக்குப் பிறகு அவரிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. “நிரலில் சிறு மாற்றம் வேண்டும். இப்போது மூலத்திலிருந்தே ஏற்றுகிறேன். நேரம் இருந்தால் மட்டும்.” அன்று நடந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உடனே தொலைபேசியில் அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது இடைமறித்து, “நீங்க சொன்னதில் பாதி சரி. அதனாலதான் எனக்குத் தூக்கம் வரலை. மீதிப் பாதிக்காகத்தான் திரும்ப எழுதறேன்” என்றார். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் பேசினோம்.

இரண்டாம் ஆய்வேட்டில் அந்த அழகான விதி இல்லை. ‘இ’ விழுவதற்குத் தாம் தேடிய காரணம் இந்தச் சுவடிகளில் இல்லை என்று ஓர் அதிகாரம் முழுக்க நிறுவியிருந்தார். மற்றோர் அதிகாரம் வேறொன்றைப் பற்றியது. ‘நான் எழுதிய கடிதம்’ என்று நாம் சொல்வதை மஞ்சு மொழியில் ‘மினி அரஹா பித்ஹே’ என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால், ‘என் எழுதிய கடிதம்’. எழுதியவர் அங்கே எழுவாயாக நிற்பதில்லை, உடையவராக நிற்கிறார். இது பலரும் அறிந்ததுதான். அந்தக் குடும்பக் கடிதங்களில் அது எப்போதெல்லாம் மாறுகிறது என்பதை ஒவ்வொரு வரியாகக் காட்டியிருந்தார். “சின்ன விஷயம்தான். ஆனா இது அங்கே உண்மையாவே இருக்கு” என்றார்.

வாய்மொழித் தேர்வுக்கு வருவதாக அவரிடம் சொல்லியிருந்தேன். அந்த வாரம் எங்கள் ஆய்வகத்தில் ஒரு சோதனை ஓட்டம் தள்ளிப்போய், அதே நாளில் வந்து விழுந்தது. நான் போகவில்லை. போயிருக்க முடியும் என்பது எனக்கு இப்போது தெரிகிறது, அப்போதும் தெரிந்திருக்கும்.

உணவகத்தை அன்று மூடிவிட்டு ராஜி அக்கா போனார். கல்யாணத்துக்குக் கட்டும் பட்டுச்சேலை. முதல் வரிசையில், தேர்வாளர்களைத் தவிர இருந்த மூன்று பேரில் ஒருவராக உட்கார்ந்தார். அன்று மாலை நெய்னா சார் என்னிடம் சொன்னார்: “கேள்வி நேரத்தில் தங்கச்சி கையைத் தூக்கிட்டாங்க. ஜெர்மனில் தெளிவா ஒரே கேள்விதான் கேட்டாங்க. ‘இவர் இதைத் திரும்ப எழுதத் தேவையில்லைதானே?’ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. எங்க பேராசிரியர் மட்டும் சிரிக்கலை. ஓய்வுக்கப்புறமும் அதுக்குன்னே வந்திருந்தாங்க. ‘இல்லை, தேவையில்லை’ன்னு ரொம்ப மரியாதையா பதில் சொன்னாங்க.”

நான் வராததைப் பற்றி அவர் கேட்கவில்லை. “உங்க சோதனை நல்லா நடந்ததா?” என்றுதான் கேட்டார்.

டாக்டர் பட்டத்துக்குப் பிறகு வேலை எதுவும் வரவில்லை. பேராசிரியரின் இடத்துக்கு யாரையும் நியமிக்கவில்லை. மஞ்சு வகுப்பே நின்றுவிட்டது. நூலகத்தில் சுவடிப் பட்டியல் வேலை கொஞ்சம் கிடைத்தது. மீதி நாள்களில் உணவகம். அங்கே வந்த ஒருவர் அவரை வைத்தியர் என்று நினைத்து முழங்கால் வலிக்கு மருந்து கேட்டதையும், இவர் அரை மணி நேரம் அவர் வலியைக் கேட்டுக்கொண்டிருந்ததையும் சொல்லிச் சிரிப்பார். ஊருக்குப் போகலாமே என்று நான் கேட்டபோதெல்லாம், “போகலாம்” என்பார். போக முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் பெர்லின் சேர்ந்தபோது ராஜி அக்கா மருத்துவமனை அலுவலகத்தில் இருந்தார். கையில் ஒரு படிவம். இறந்தவருக்கு உரியவர் யார், என்ன உறவு என்று அதில் ஒரு கட்டம். அக்கா அந்தக் கட்டத்தை நிரப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

“முதலாளி எண்டு எழுத மனம் வரேல்லை. வேற என்ன எழுத, பிள்ளை?”

“உங்களை எப்படிக் கூப்பிடுவார்?”

“தங்கச்சி எண்டுதான்.”

அதையே ஜெர்மனில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அலுவலர் இரண்டு பெயர்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, காகிதத்தில் நிரூபிக்கக்கூடிய உறவு தேவை என்று மெதுவாகச் சொன்னார். காயல்பட்டினத்துக்குப் பேசினோம். லாத்தா வெகுநேரம் அழுதார். ஒப்புதல் கடிதம் அனுப்பச் செய்கிறேன் என்றார். பிறகு, “அங்கேயே அடக்கிடுங்கம்மா. எல்லாம் அல்லாஹ்வுடைய பூமிதான்” என்றார்.

தொழுகைக்குத் துருக்கிப் பள்ளிவாசலில் நாற்பது பேர் போல வரிசை கட்டினார்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நின்றவர்கள். அவர்களில் ஒருவருக்கும் அவரைத் தெரியாது. அவர்கள்தான் மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். நானும் ராஜி அக்காவும் கீழ்வீட்டுப் பெண்மணியும் பின்னால் நின்றோம். பேராசிரியர் கைத்தடியோடு வந்து எங்கள் பக்கத்தில் நின்றார். மண் போட்டு முடிந்ததும் அவர் குனிந்து மஞ்சு மொழியில் ஏதோ சொன்னார். அந்த இடத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடியவர் ஒருவர்தான் இருந்தார். அவர் மண்ணுக்குள் இருந்தார்.

திங்கள் காலை, மியூனிக் திரும்பும் முன், நூலகத்துக்குப் போனேன். அவர் பெயரில் ஏதேனும் புத்தகம் திருப்ப வேண்டியிருக்கிறதா என்று கேட்பதற்காக. வாசகர்களுக்கு எடுத்துவைக்கும் அலமாரியில் ஒரு சுவடி இருந்தது. நீலத் துணி அட்டை, நூல் தையல். அதற்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த சீட்டில் அவருடைய சாய்வில்லாத கையெழுத்தில் பெயர், இருக்கை எண், வரும் வியாழன் வரை என்று தேதி.

நூலகப் பெண்மணிக்குச் செய்தி தெரிந்திருந்தது. நான் பார்க்க விரும்புகிறேனா என்று கேட்டார். அவருடைய இருக்கையில் உட்கார்ந்து திறந்தேன். மேலிருந்து கீழாக மை ஓடியது. ஏழு ஆண்டுகள் அந்த மொழியை என் நிரல்களில் தேடியிருக்கிறேன். எழுதிய வடிவில் ஒரு சொல்லையும் எனக்குப் படிக்கத் தெரியாது. சிறிது நேரம் பக்கங்களைப் புரட்டிவிட்டு மூடினேன்.

“இதைச் சுவடி அறைக்குத் திருப்பி அனுப்பிவிடலாமா?” என்று அவர் கேட்டார்.

“வியாழன் வரை இருக்கட்டுமே” என்றேன்.

அவர் தலையசைத்து, சுவடியைச் சீட்டோடு அதே இடத்தில் வைத்தார். பக்கத்து இருக்கைக்காரர் விளக்கைப் போட்டுக்கொண்டு வேலையைத் தொடங்கினார். நான் வெளியே வந்தேன்.

இனி யாரும் உங்களை எழுப்பி இறங்கச் சொல்ல மாட்டார்கள், நெய்னா சார். நிம்மதியாக இருங்கள்.